காசநோயும் பொதுப்பணமும்: பெங்களூர் கண்ட வரலாறு

ஓசூர்ச் சாலை வழியாகப் பெங்களூருக்குள் வருகிறவர்கள், பட்டு வாரிய நாற்சந்தியை எட்டுவதற்குச் சற்று முன்னர் பொம்மனஹள்ளியைக் கடக்கிறார்கள். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் வயலும் கொல்லையும் சூழ்ந்த சிற்றூராக இருந்த அவ்விடம், இன்று ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளும், கட்டட வேலையாட்களின் ஒண்டுக் குடித்தனங்களும் நெருங்கிய நகரப் பகுதி. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த நம்மவர் பலருக்கு அதுவே முதல் தங்குமிடம். ஓர் அறையில் நால்வரும் ஐவரும் உறங்கி, விடிந்ததும் வேலைக்குச் செல்லும் வாழ்க்கை அங்கே பழகிப்போன ஒன்று. காற்றோட்டமில்லாத அறையும், அரை வயிற்று உணவும், ஓயாத உழைப்பும் கூடிய இடத்தைக் காசநோய் எளிதில் கண்டுகொள்ளும் என்பதை நேயர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

அதே நகரின் வடபுறத்தில், பெல்லாரிச் சாலையில், மரங்கள் சூழ்ந்த பழைய மாளிகை ஒன்று உண்டு. ‘அவலான்’ என்பது அதன் பெயர். இந்திய நாடு காசநோயை எவ்வாறு எதிர்க்க வேண்டும், அதற்கான பணத்தை எங்கே செலவிட வேண்டும் என்ற கேள்விகளுக்கு விடை தேடியவர்கள் அங்கே அமர்ந்து ஆராய்ந்தார்கள். அந்த மாளிகையில் கண்ட உண்மை பொம்மனஹள்ளியின் ஒண்டுக் குடித்தனம் வரையில் வந்து சேர்ந்ததா என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் பழைய கதை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காசநோய்க்கு மருந்து இல்லை. நல்ல காற்று, நல்ல உணவு, நீண்ட ஓய்வு ஆகிய மூன்றுமே வைத்தியம். இவற்றை அளிக்கச் சானடோரியங்கள் எழுந்தன. மைசூர் அரச குடும்பத்து இளவரசி கிருஷ்ணாஜம்மண்ணி இந்நோய்க்கு இரையானார். அவர் நினைவாக மைசூரில் ஒரு சானடோரியம் அமைந்தது. கிறிஸ்தவ மிஷன்கள் பல சேர்ந்து 1915-இல் மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தைத் தோற்றுவித்தன. சென்னையை அடுத்த தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து 1928-இல் தொடங்கியது பின்னர் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. இன்றும் அங்குள்ள ரயில் நிலையத்தின் பெயரில் சானடோரியம் நிற்கிறது. இவை யாவும் போற்றத்தக்க பணிகளே. ஆயினும் இவற்றின் வேர் அரசர் கொடை, மிஷன் நன்கொடை, தனிமனிதர் முயற்சி ஆகியவற்றில் இருந்தது. 1939-இல் தோன்றிய இந்தியக் காசநோய்ச் சங்கமும், 1950 முதல் அது ஆண்டுதோறும் விற்றுவரும் காசநோய் முத்திரைகளும் அந்த மரபைச் சேர்ந்தவையே. பொதுமக்களின் வரிப்பணத்தில் ஒவ்வொரு நோயாளிக்கும் பங்குண்டு என்ற எண்ணம் அந்நாளில் உருப்பெறவில்லை.

அந்த எண்ணம் உருப்பெற்றபோது கணக்குத் திகைப்பூட்டியது. 1946-இல் வெளிவந்த போர் கமிட்டி அறிக்கை, நாட்டில் இருபத்தைந்து இலட்சம் காசநோயாளிகள் இருப்பதாகவும், ஆண்டுதோறும் ஐந்து இலட்சம் பேர் மடிவதாகவும் மதிப்பிட்டது. அவர்களுக்கென்று இருந்த படுக்கைகளோ ஏறக்குறைய ஆறாயிரம். நானூறு பேருக்கு மேல் ஒரு படுக்கைக்குக் காத்திருக்க, அதில் படுத்தவர் ஓர் ஆண்டுக்குக் குறையாமல் எழமாட்டார்! புதிதாய் விடுதலை பெற்ற ஏழை நாடு, எத்தனை சானடோரியங்கள் கட்டினாலும் இந்த வரிசையைக் கரைத்துவிட முடியாது என்பது எளிய கணிதம்.

படுக்கைக்குப் பணம் இல்லாத அரசாங்கம் தடுப்பூசியை நாடியது இயல்பே. கிண்டி கிங் நிலையத்தில் 1948-இல் பி.சி.ஜி. தயாரிக்கும் கூடம் அமைந்தது. சில ஆண்டுகளில் நாடெங்கும் ஊசி போடும் இயக்கம் பரவியது. இராஜாஜி 1955-இல் அதனை வெளிப்படையாக எதிர்த்து எழுதியதும், அதனால் எழுந்த விவாதமும் முதியோர் நினைவில் இருக்கலாம். பின்னர் 1968-இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய மாபெரும் சோதனை, வயது வந்தோருக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை என்று காட்டியது. இராஜாஜி அஞ்சிய காரணங்கள் வேறு. சோதனை கண்ட குறை வேறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டுவோர் உளர், அது பொருந்தாது. குழந்தைகளுக்கு மூளைச் சவ்வைத் தாக்கும் கொடிய காசநோயிலிருந்து பி.சி.ஜி. காவல் தருகிறது, அதற்காகவே இன்றும் அது போடப்படுகிறது.

இதற்கிடையில் மருந்துகள் வந்துவிட்டன. ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஐசோநயாசிட் 1952-இல் காசநோய்க்குப் பயன்படத் தொடங்கியது. பின்னது விலை மலிவு. வாயால் விழுங்கத் தக்கது. அப்படியாயின் நோயாளி ஏன் படுக்கையில் கிடக்க வேண்டும்? வீட்டில் இருந்தபடியே மருந்தை உட்கொண்டால் ஆகாதா? இந்த வினாவை எழுப்பிச் சோதனை செய்து விடை கண்ட இடம் சென்னைச் சேத்துப்பட்டு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து 1956-இல் அங்கே காசநோய் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தை நிறுவின. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதனை வழிநடத்தினார். சென்னையின் மிக ஏழைப் பகுதிகளிலிருந்து நோயாளிகளைத் தெரிந்து, குலுக்கல் முறையில் ஒரு பாதியினரைச் சானடோரியத்துக்கு அனுப்பினர். மறு பாதியினரைக் குடிசையிலேயே இருக்கவிட்டு அதே மருந்துகளை ஓராண்டு அளித்தனர். சானடோரியத்தில் இருந்தோருக்குப் பாலும் முட்டையும் சேர்ந்த நல்ல உணவும் ஓய்வும் கிடைத்தன. வீட்டில் இருந்தோர் கிடைத்ததை உண்டு, நெருக்கடியில் வாழ்ந்து, பலர் வேலைக்கும் சென்றனர். முடிவு 1959-இல் வெளியாயிற்று. இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டில் வைத்து வைத்தியம் செய்ததனால் குடும்பத்தாருக்கு நோய் மிகுதியாகத் தொற்றவும் இல்லை.

உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்படுவதற்கு வழி செய்த முடிவு இது. சென்னைக் குடிசைவாசிகள் உலக மருத்துவத்துக்கு அளித்த கொடை என்று இதனை நாம் சொல்லிக்கொண்டால் மிகையாகாது. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. அந்த நிலையத்தார் மருந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு இருந்துவிடவில்லை. சொல்லாமல் வீட்டுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினர்; சிறுநீரைப் பரிசோதித்து மருந்து உட்கொள்ளப்பட்டதா என்று பார்த்தனர்; வராதவரைத் தேடிச் சென்றனர். படுக்கைக்கு ஆகும் செலவு மிச்சமாயிற்று. தேடிச் செல்லும் செலவு புதிதாக வந்தது. பிற்காலத்தில் வரவு செலவுத் திட்டம் தீட்டியவர்களில் பலர் மிச்சத்தை மட்டும் குறித்துக்கொண்டார்கள். புதிய செலவை எழுத மறந்தார்கள்.

சென்னையின் விடையை நாடு முழுமைக்கும் உரியதாக ஆக்கும் பொறுப்பு பெங்களூருக்கு வந்தது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் துணை நிற்க, தேசியக் காசநோய் நிலையம் 1959-இல் அவலான் மாளிகையில் அமைந்தது. 1960 செப்டம்பர் 16 அன்று பிரதமர் ஜவஹர்லால் நேரு அதனைத் திறந்து வைத்தார். அவர் துணைவியார் கமலா நேரு, 1936-இல் தொலைதூர ஸ்விட்சர்லாந்தில் இதே நோயால் உயிர் நீத்தவர். ஐரோப்பாவின் சிறந்த வைத்தியமும் அவரைக் காக்க இயலாத காலம் அது. இருபத்து நான்கு ஆண்டுகளில், துமகூர் மாவட்டத்து உழவனையும் அவன் ஊரிலேயே குணப்படுத்தலாம் என்ற நிலை வந்துவிட்டது.

துமகூரைச் சும்மா சொல்லவில்லை. அம்மாவட்டத்துக் கிராமங்களில்தான் நிலையத்தார் வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்தனர். காசநோய் நகரத்து நோய் என்ற நம்பிக்கை 1955 முதல் 1958 வரை நடந்த தேசிய ஆய்விலேயே ஆட்டம் கண்டிருந்தது. கிராமத்திலும் அதே அளவில் நோய் இருந்தது. துமகூரில் டாக்டர் தேவவர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் வேறொரு கேள்வியைக் கேட்டனர். நோயுற்ற கிராமவாசிக்குத் தன் உடல்நிலை தெரியுமா? தெரிந்தால் அவர் என்ன செய்தார்? ஏழை, எழுத்தறியாதவர், அறியாமையால் வைத்தியம் தேடமாட்டார் என்பதே கற்றவர்களின் பொதுக் கருத்தாக இருந்தது. 1963-இல் வெளிவந்த அவ்வாய்வு அக்கருத்தைத் தகர்த்தது. நோயாளிகளில் பெரும்பாலோர் தம் இருமலையும் காய்ச்சலையும் உணர்ந்திருந்தனர். பாதிக்கு மேற்பட்டோர் வைத்தியம் நாடிச் சென்றும் இருந்தனர். சென்றவர்களுக்கு அரசாங்க வைத்தியசாலையில் கிடைத்ததோ பெரும்பாலும் ஒரு புட்டி இருமல் மருந்து!

குறை நோயாளியிடம் இல்லை. அவர் வந்து நின்ற கதவுக்குப் பின்னால் இருந்தது. சளியைப் பரிசோதிக்க ஒரு மைக்ராஸ்கோப்பும், அதனைக் கையாளத் தெரிந்த ஒருவரும், மாதந்தோறும் மருந்தும் அந்த வைத்தியசாலையில் இருந்திருந்தால் போதும். பொதுப்பணம் செல்ல வேண்டிய இடம் அதுவே என்று அவலான் மாளிகையினர் முடிவு செய்தனர். அப்போது அங்கே பணியாற்றிய ஹால்ஃப்டான் மாலர் என்ற டேனிஷ் வைத்தியர், 1973-இல் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநராக உயர்ந்தார் என்பதை இடையே குறிப்பிடுவோம். ஆந்திரத்து அனந்தபூர் மாவட்டத்தில் முறையைச் சோதித்துப் பார்த்த பின், 1962-இல் தேசியக் காசநோய்த் திட்டம் தொடங்கியது. மாவட்டத்துக்கு ஒரு காசநோய் மையம். அதன் கீழ் சாதாரண வைத்தியசாலைகளிலேயே சளிப் பரிசோதனையும் இலவச மருந்தும். மாவட்டக் குழுக்கள் பெங்களூருக்கு வந்து பயிற்சி பெற்றுச் சென்றன. எக்ஸ்ரே கருவிகளையும் வாகனங்களையும் யுனிசெஃப் வழங்கியது.

திட்டம் நேர்த்தியானது. பணம்? நம் அரசியலமைப்பில் பொதுச் சுகாதாரம் மாநிலங்களின் பொறுப்பு. மத்திய அரசாங்கம் மருந்திலும் கருவியிலும் பங்கேற்கும். ஊழியர் சம்பளமும் அன்றாடச் செலவும் மாநிலத்தின் மேல் விழும். நகரசபைகளுக்கோ சாலை, குடிநீர், குப்பை ஆகியவற்றுக்குப் பின்தான் வைத்தியசாலை. இவ்வாறு மூன்று கைகளில் பிரிந்த பொறுப்பில், வராத நோயாளியைத் தேடிச் செல்லும் ஊழியர் எவர் கணக்கிலும் இடம்பெறாமல் போனார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1992-இல், இந்திய அரசாங்கமும் உலக சுகாதார நிறுவனமும் ஸ்வீடன் நாட்டு உதவி நிறுவனமும் திட்டத்தை ஆராய்ந்தபோது, சிகிச்சை தொடங்கியவர்களில் பாதிப் பேர்கூட அதனை முடிக்கவில்லை என்று தெரிந்தது. நிதி போதவில்லை, மருந்து இடையிடையே தீர்ந்துபோனது, சளிப் பரிசோதனையை விட்டு எக்ஸ்ரே படத்தையே நம்பினார்கள். அரைகுறையாக மருந்துண்ட நோயாளியின் உடலில் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். ஆதலால் பாதிச் செலவு பாதிப் பயனை அளிப்பதில்லை; சில வேளைகளில் கேட்டையே விளைக்கிறது.

அடுத்து வந்தது கடன். திருத்திய திட்டம் 1993-இல் சில இடங்களில் தொடங்கி, உலக வங்கி 1997-இல் அளித்த 14 கோடி டாலருக்கு மேற்பட்ட கடனுதவியுடன் பரவி, 2006 மார்ச் மாதத்தில் நாடு முழுவதையும் எட்டியது. ஊழியர் முன்னிலையில் மருந்தை விழுங்கச் செய்தல் அதன் உயிர்நாடி. சேத்துப்பட்டு அன்றே கண்ட தேடிச் செல்லும் செலவுக்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பின் கணக்கில் இடம் கிடைத்தது எனலாம். ஒரு இலட்சம் மக்களுக்கு ஒரு சளிப் பரிசோதனை மையம் என்பது அத்திட்டத்தின் விதி.

இவ்விடத்தில் பொம்மனஹள்ளிக்குத் திரும்புவோம். 2001-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் அந்நகரசபையின் மக்கள் இரண்டு இலட்சம் அளவில் இருந்தனர். விதிப்படி இரண்டு பரிசோதனை மையங்கள் போதும். ஆனால் பொம்மனஹள்ளி ஒரே இடத்தில் நின்ற ஊரா? மின்னணு நகரமும் ஆடைத் தொழிலும் வளர வளர, ஆண்டுக்கு ஆண்டு அறைகள் பெருகின. 2007-இல் பொம்மனஹள்ளி உள்ளிட்ட ஏழு நகரசபைகளும் கெங்கேரியும் நூற்றுப் பத்துக் கிராமங்களும் பெங்களூரு மாநகராட்சியோடு இணைந்தன. கடைசியாக மக்கள்தொகை எண்ணப்பட்டது 2011-இல். 2025-இல் அந்த மாநகராட்சியும் ஐந்தாகப் பிரிந்து, பெருநகரப் பெங்களூரு ஆணையத்தின் கீழ் வந்தது. ஊராட்சி, நகரசபை, பெருமாநகராட்சி, பிரிந்த மாநகராட்சி என்று நிர்வாகம் உருமாறும்போதெல்லாம் வைத்தியசாலையின் எல்லையும் பொறுப்பும் மாறுகின்றன. தலைக்கணக்கைப் பார்த்து அளக்கப்படும் நிதியில், நேற்று வந்து நாளை செல்லும் தொழிலாளியின் தலை எந்த ஊரில் எண்ணப்படுகிறது? தருமபுரியில் குடும்ப அட்டை, பொம்மனஹள்ளியில் இருமல் என்பதே அவர் நிலை.

நகரத்து ஏழைக்கென்று ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டும் என்ற எண்ணமே பிந்தி வந்தது. கிராமங்களுக்கு அத்தகைய நிலையங்கள் விடுதலைக்குச் சில ஆண்டுகளிலேயே தோன்றின. தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கம் பிறந்தது 2013-இல்தான். ஐம்பதாயிரம் பேருக்கு ஒரு நிலையம் என்பது அதன் அளவு. இச்செலவில் பெரும்பாலான மாநிலங்களுக்கு மத்திய அரசு 60 பங்கும் மாநிலம் 40 பங்கும் ஏற்கின்றன. பெங்களூரில் 2023 முதல் ‘நம்ம கிளினிக்’ என்ற சிறு வைத்தியசாலைகள் வட்டந்தோறும் திறக்கப்பட்டன. வேலை நேரம் முடிந்து செல்லக்கூடிய தொலைவில் ஒரு கதவு இருப்பது சிறிய செய்தியன்று.

தொழிற்சாலையில் பதிவுபெற்று உழைப்போருக்கு வேறொரு நிதியும் உண்டு. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய தொழிலாளர் அரசாங்கக் காப்பீட்டில், முதலாளி ஊதியத்தில் 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் செலுத்துகிறார்கள். இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வேலையிலிருந்து சந்தாவும் உரிய அளவு செலுத்திய தொழிலாளிக்குக் காசநோய் வருமாயின், சான்றளிக்கப்பட்ட ஓய்வுக் காலத்துக்கு ஊதியத்தில் 80 சதவீதம் வரை பெறும் நீடித்த உரிமை அதில் இருக்கிறது. ஆடைத் தொழிற்சாலைப் பெண்களில் எத்தனை பேர் இதனை அறிவார்கள்? இருமலை மறைத்துக்கொண்டு இயந்திரத்தின் முன் அமர்வது, கூலி போய்விடும் என்ற அச்சத்தாலன்றி வேறெதனால்? கட்டட வேலைக்குச் செல்லும் தினக்கூலிக்கு இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் எட்டுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

உணவுக்கு வருவோம். 1959-இல் சென்னை கண்டது, நோயைக் குணப்படுத்த மருந்து போதும் என்பது. அதனை ‘உணவு வேண்டியதில்லை’ என்று பொருள்கொண்டு, உணவுக்குரிய செலவை நெடுங்காலம் ஒதுக்கிவைத்தனர். 2018 ஏப்ரல் முதல் மத்திய அரசு, சிகிச்சை பெறும் ஒவ்வொருவருக்கும் மாதம் 500 ரூபாய் உணவுக்கென வழங்கத் தொடங்கியது. 2024 நவம்பரில் அது 1000 ரூபாயாயிற்று. இடையில், 2023-இல் ஓர் அரிய ஆய்வு வெளியாயிற்று. சேத்துப்பட்டு நிலையத்தின் இன்றைய வடிவமான தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிலையமும், கர்நாடகத்து யேனபோயா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தோரும் ஜார்க்கண்டில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பத்தினரைக் கொண்டு நடத்தியது அது. நோயாளியின் வீட்டாருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் அளித்ததில், அவர்களிடையே புதிதாக நோய் தோன்றுவது 39 சதவீதம் குறைந்தது. ஆக, நோயாளியைக் குணப்படுத்துவது மருந்து. அடுத்தவருக்கு வராமல் காப்பதில் சோற்றுக்குப் பெரும் பங்குண்டு. 1959-இன் முடிவும் 2023-இன் முடிவும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. ஆயிரம் ரூபாய் நோயாளிக்கு உரியது. வீட்டாரின் பானைக்கு அது போதுமா என்று கேட்டால், போதாது என்றே நாம் கருதுகிறோம்.

அந்தப் போதாமையை நிரப்ப 2022-இல் ‘நிக்ஷய் மித்ரா’ என்ற ஏற்பாடு வந்தது. செல்வரும் நிறுவனங்களும் நோயாளிகளைத் தத்தெடுத்து உணவுப் பொதி அளிக்கலாம். நல்லுள்ளங்களைக் குறைகூற நமக்கு மனமில்லை. ஆயினும் இது காசநோய் முத்திரையின் வழியே மீண்டும் செல்வதாகும். கொடுப்பவர் உள்ள ஊரில் பொதி வரும். இல்லாத ஊரில் வராது. மருந்துக்கும் இத்தகைய இடர் வந்ததுண்டு. மத்திய அரசே வாங்கி அனுப்பும் மருந்துகள் 2024-இன் தொடக்க மாதங்களில் தட்டுப்பட்டபோது, சிறிது காலத்துக்கு உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளுமாறு மாநிலங்களுக்கு எழுத நேர்ந்தது. ஆறு மாதம் இடைவிடாது உண்ண வேண்டிய மாத்திரைக்கு ஒரு வாரத் தடையும் பெரிது. 2025-க்குள் நோயை ஒழிப்போம் என்ற இலக்கு நிறைவேறவில்லை. 2023-இல் உலகில் புதிதாக நோயுற்றவர்களில் நால்வரில் ஒருவர் இந்தியர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது.

வெளிமாநிலத்தில் வாழும் நம்மவர் இந்த வரலாற்றிலிருந்து உடனே பயன்கொள்ளத்தக்க சில உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குச் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அதற்கும் மருந்துக்கும் அரசாங்க நிலையங்களில் கட்டணம் இல்லை. எந்த மாநிலத்தவர் என்பது அங்கே தடையாகாது. சிகிச்சை தொடங்கும்போது ஒவ்வொருவருக்கும் ‘நிக்ஷய்’ எண் ஒன்று தரப்படுகிறது. உணவுத் தொகை வங்கிக் கணக்குக்கே வருவதால், கணக்கு விவரத்தை அப்போதே கொடுத்துவிட வேண்டும். பொங்கலுக்கோ அறுவடைக்கோ ஊருக்குப் புறப்படுகிறவர், சிகிச்சை முடியவில்லையானால், கையிலுள்ள மருந்து தீரும்வரை காத்திராமல் பொம்மனஹள்ளி நிலையத்திலேயே சொல்லி, தம் பெயரை ஊருக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். திரும்பி வரும்போதும் அவ்வாறே. ஐயம் ஏற்பட்டால் 1800-11-6666 என்ற கட்டணமில்லாத எண்ணில் கேட்கலாம்.